கரிசல் மண்ணில் வளைகோல்



2022-ஆம் ஆண்டு, மேத் திங்கள் 23-ஆம் நாள். திருவள்ளுவர் ஆண்டு 2053, வைகாசித் திங்கள். இந்தோனேசியத் தலைநகர் யகார்த்தாவில் ஆசியக் கோப்பை வளைகோற் பந்தாட்டத்தின் முதல் நாள் ஆட்டம். எதிரில் நிற்பது பாகித்தான். முதற் காற்பகுதியிலேயே தண்ட மூலையடி ஒன்று இந்திய அணிக்குக் கிடைக்கிறது. பந்து வலைக்குள் போய் விழுகிறது. அடித்தவர் யார் என்று ஒளிபரப்பாளர் தாளைப் புரட்டிப் பார்த்து ஒரு பெயரைச் சொல்லுகிறார். வட நாட்டார் பலர் அன்றைக்குத்தான் அப்பெயரை முதன்முதலாகக் கேட்டனர். அவர் கார்த்தி, அரியலூரில் பிறந்து, கோவிற்பட்டி விளையாட்டு விடுதியில் வளைகோல் பழகிய இளைஞர், காவற்பணி செய்து பிழைத்த ஒருவரின் மகன். அதே அணியில் அவரோடு முதன்முறையாக இந்தியச் சட்டை அணிந்தவர் மாரீசுவரன். இவர் கோவிற்பட்டியிலேயே பிறந்தவர். நாட்கூலிக் குடும்பத்துப் பிள்ளை.

அந்த ஆட்டம் முடியுந் தறுவாயில் பாகித்தான் ஓர் இலக்கு அடித்து ஒன்றுக்கு ஒன்றெனச் சமன் செய்துவிட்டது. அடுத்துச் சப்பானிடம் தோல்வி. இந்திய அணி அடுத்த சுற்றுக்குள் நுழைய வேண்டுமானால் இந்தோனேசியாவைப் பதினைந்து இலக்கு வேறுபாட்டிலாவது வெல்லவேண்டும் என்ற நெருக்கடி. பதினாறுக்குச் சுழி என்று வென்றார்கள். பாகித்தான் வெளியேறியது, 2023 உலகக் கோப்பைக்குச் செல்லும் வாய்ப்பையும் அதனோடு இழந்தது. இறுதியில் சப்பானையே ஒன்றுக்குச் சுழி என வென்று வெண்கலத்தோடு மீண்டது அந்த அணி. பெயர் பெற்ற மூத்த ஆட்டக்காரர் பலருக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் புதியவர்களை அனுப்பிய அணி அது. 'இரண்டாந்தர அணி' என்று எழுதிய இதழ்களும் உண்டு. எழுதியவர்கள் பிறகு தம் எழுதுகோலைத் திருப்பிப் பிடித்தார்கள்.

இச்செய்தி கோவிற்பட்டிக்கு எட்டியபோது ஊர் மகிழ்ந்தது. மகிழ வேண்டியதுதான். ஆனால் மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கவேண்டும். ஏழைப் பிள்ளை ஒருவன் வெளிநாட்டில் வென்றால் நாட்டின் முகம் ஒளிபெறுகிறது; உலகம் அந்நாட்டை வேறு கண்ணோடு பார்க்கிறது. சரி. அந்த ஒளியில் எத்தனை பங்கு அவன் பிறந்த மண்ணுக்கு வந்து சேர்கிறது?

கரிசல் மண்ணின் இயல்பு இங்குள்ளோர்க்கு எடுத்துச் சொல்லவேண்டுவதன்று. மழை பெய்தால் காலைப் பிடித்து இழுக்கும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். பருத்திக்கு அது தாய்மண். 1901-ஆம் ஆண்டிலேயே கோவிற்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் அமைந்ததற்கும், பின்னர் நூற்பாலைகள் எழுந்ததற்கும் அந்த மண்ணே ஏது. ஆனால் பந்து உருளுவதற்கு அது பகைமண். வெடிப்பில் பந்து திசைமாறும், சேற்றில் நின்றுவிடும். பந்தாட்டத்திற்கு இவ்வளவு இணங்காத ஒரு நிலத்தில், அதுவும் ஊர்வயிற்றுக்கே தண்ணீர் போதாத ஒரு வட்டாரத்தில், வளைகோற் பந்தாட்டம் வேரூன்றித் தலைமுறை தலைமுறையாக வளர்ந்திருக்கிறது என்றால் அது வியப்பன்றோ? கோவிற்பட்டியையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் 'ஆக்கிப்பட்டி' என்று பிற மாவட்டத்தார் வேடிக்கையாகச் சொல்லுவார்கள். வேடிக்கையாகச் சொன்னாலும் பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. பட்டி என்னும் ஈறு தமிழ், முன்னொட்டைத்தான் மாற்றவேண்டும். வளைந்த கோலால் ஆடுவதை வளைகோற் பந்து என்று ஈழத்துத் தமிழர் பள்ளிகளிலும் நாளிதழ்களிலும் இயல்பாக வழங்கி வருகிறார்கள். அங்கே நாவில் புரளும் சொல் இங்கே மட்டும் புரளாதா?

இந்த ஆட்டத்தைக் கரிசலில் ஆடியவர் எவர்? நூற்பாலைத் தொழிலாளரின் பிள்ளைகள். மானாவாரி நிலத்தில் மழையை நம்பி விதைப்பவர் பிள்ளைகள். அனைத்தினும் மேலாகத் தீப்பெட்டித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். சிவகாசி, சாத்தூர், கோவிற்பட்டி என்னும் முக்கோணத்தில் தீக்குச்சி அடுக்கிய கைகள் எத்தனை சின்னஞ்சிறு கைகள் என்பதை முதியோர் அறிவர். 1970-களிலும் 1980-களிலும், விடியுமுன்னே ஊர் ஊராக வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்ற தொழிற்சாலை வண்டிகளை மறந்துவிட முடியுமா? கட்டையில் குச்சி அடுக்கும் விரைவுக்குத்தான் கூலி. குழந்தைத் தொழிலாளர் தடைச்சட்டம் 1986-இல்தான் வந்தது. சட்டம் வந்த மறுநாளே வண்டிகள் நின்றுவிடவில்லை. மெல்ல மெல்லத்தான் நின்றன. அத்தகைய ஊர்களில் ஒரு பிள்ளையின் கையில் குச்சிக்கட்டைக்கு மாறாக வளைகோல் இருந்தது என்றால், அந்த வீட்டில் ஒரு நாட்கூலியை வேண்டாமென்று விட்டார்கள் என்பது பொருள். இந்தக் கணக்கை விளையாட்டு வரலாறு எழுதுகிறவர்கள் எழுதுவதில்லை. தாயும் தந்தையும் கூடுதலாக உழைத்து ஈடுசெய்த அந்தக் கூலியின் மேல்தான் யகார்த்தாவின் வெண்கலம் நின்றது.

இனி, நாட்டின் முகத்தை எளியவர் எவ்வாறு மாற்றுகிறார்கள் என்பதற்கு இதே ஆட்டத்திலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகள். இரண்டும் ஒரே ஊரில் ஒரே ஆண்டில் நிகழ்ந்தவை.

1980, மாசுகோ ஒலிம்பிக்கு. ஆப்கானித்தானுக்குள் உருசியப் படை புகுந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் விலகிக்கொண்டன. மகளிர் வளைகோற் பந்தாட்டம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்ற ஆண்டு அது. அணிகள் போதவில்லை. ஆட்டம் தொடங்குவதற்குச் சில கிழமைகளே இருக்கும்போது சிம்பாபுவேக்கு அழைப்புப் போகிறது. அந்நாடு விடுதலை பெற்றே அப்போது மூன்று திங்கள்தான். செயற்கைத் தளத்தில் ஒருநாளும் ஆடியிராத பெண்கள், அவசர அவசரமாகத் திரட்டப்பட்டவர்கள், ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் பொற்பதக்கத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். உலகப்படத்தில் அந்தப் புதுப்பெயரைப் பலர் அன்றுதான் தேடினார்கள். ஆளுக்கோர் எருது பரிசு என்று அறிவித்தார்களாம். கைக்கு வந்தது இறைச்சிப் பொதிதான் என்பர். ஆனால் உண்மையை முழுதாகச் சொல்லவேண்டும். அந்த அணியில் ஆடியவர் அனைவரும் வெள்ளையரே. கறுப்பர் குருதி சிந்திப் பெற்ற நாட்டின் முதற்புகழ், அந்நாட்டில் நல்ல திடலும் நல்ல பள்ளியும் எவர்க்கு வாய்த்திருந்தனவோ அவர் வழியாகவே வந்தது. புகழ் நாட்டுக்கு, வாய்ப்பு ஒரு சாரார்க்கு. இதனை நினைவில் வைத்துக்கொள்க.

அதே மாசுகோவில், ஆடவர் ஆட்டத்தில் இசுபானியாவை நான்குக்கு மூன்று என வென்று இந்தியா எட்டாம் முறையாகப் பொன் பெற்றது. அணித்தலைவர் வாசுதேவன் பாசுகரன், தமிழ்நாட்டவர். நான்காண்டுகளுக்கு முன், 1976 மாண்டிரியலில், முதன்முதலாகச் செயற்கைத் தளத்தில் ஆடி ஏழாமிடத்துக்கு வீழ்ந்து தலைகுனிந்த அணியைத் தூக்கி நிறுத்தியவர் ஒரு தமிழர். அதற்கும் முன்னே, 1948, 1952, 1956 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் பொன்வென்ற அணியில் இருந்த இலக்குக் காவலர் அரங்கநாதன் பிரான்சிசு, சென்னைக்காரர். புனேயின் புறநகரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தன்ராசு பிள்ளை 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக்கில் ஆடினார். கோயமுத்தூரின் ஆதம் சின்கிளேர் 2004-இல் ஏதென்சில் ஆடினார். அதற்குப் பின்?

அதற்குப் பின், ஒலிம்பிக்கு ஆடவர் அணியில் தமிழ்நாட்டின் பெயர் இல்லை. 2021-இல் தோக்கியோவில் நாற்பத்தோராண்டுக்குப் பின் வெண்கலம். 2024-இல் பாரிசில் மீண்டும் வெண்கலம். இரண்டிலும் தமிழ்நாட்டார் ஒருவருமில்லை. யகார்த்தாவில் இலக்கு அடித்த கார்த்தி, 2023 ஆகத்தில் சென்னையிலேயே நடந்த ஆசிய வாகையர் கோப்பையில் ஆடினார். மலேசியாவை ஐந்துக்குச் சுழி என வென்ற ஆட்டத்தின் முதல் இலக்கு அவருடையது. இறுதியாட்டத்தில் அதே மலேசியாவை நான்குக்கு மூன்று என வென்று இந்தியா கோப்பையைப் பெற்றது. சென்னை அரங்கில் தமிழ்ப் பெயரை ஆயிரக்கணக்கான தொண்டைகள் கூவின. அடுத்த மாதமே ஆங்சௌ ஆசிய விளையாட்டுக்குச் சென்ற அணியில் அவர் பெயர் இல்லை.

இதைச் சொன்னவுடன் 'வடவர் சூழ்ச்சி' என்று மேசையைத் தட்டுவது எளிது. இந்த இயக்கத்து மேடைகளில் அவ்வாறு தட்டுவோர்க்குக் கைத்தட்டும் உடனே கிடைக்கும். ஆனால் தட்டிய கை வலிப்பதன்றி வேறு பயன் விளையாது. வடவர் மேலாண்மை இந்தியத் துணைக்கண்டத்தின் ஒவ்வொரு துறையிலும் உண்டு, விளையாட்டிலும் உண்டு, அதனை மறுப்பாரில்லை. எனினும் பஞ்சாபில் சன்சார்ப்பூர் என்னும் ஒரே சிற்றூரிலிருந்து ஒலிம்பிக்கு ஆட்டக்காரர் பதின்மருக்கு மேல் வந்தது சூழ்ச்சியாலா? நூறு பேர் ஆடும் ஊரிலிருந்து ஒருவர் வருவார். பத்துப் பேர் ஆடும் ஊரிலிருந்து எவரும் வாரார். தமிழ்நாட்டில் வளைகோல் பிடிக்கும் ஊர்கள் எத்தனை? விரல்விட்டு எண்ணலாம். அடி மெலிந்தால் நுனி எப்படிப் பூக்கும்?

ஒரிசாவைப் பாருங்கள். அங்கே சுந்தர்கர் என்றொரு மாவட்டம். பழங்குடி மக்கள் வாழும் காட்டு நிலம். ஆட்டில் வென்ற அணிக்கு ஓர் ஆட்டுக்கடாவைப் பரிசாகக் கொடுத்து, அதனை அங்கேயே சமைத்து ஊரார் கூடி உண்ணுவதற்கென்றே வளைகோற் போட்டிகள் நடத்துகிற வழக்கம் அங்கே நெடுநாளாக உண்டு. மூங்கிலையும் மரக்கிளையையும் வளைத்துக் கோலாக்கி ஆடிய பிள்ளைகள் அவர்கள். அந்த மாவட்டத்திலிருந்து திலீப்பு திர்க்கி வந்தார். மூன்று ஒலிம்பிக்கில் ஆடினார். தோக்கியோ வெண்கல அணியில் பிரேந்திர இலாக்ரா, அமித்து உரோகிதாசு என இருவர் அந்தக் காட்டு நிலத்தார். ஒரிசா அரசு என்ன செய்தது? 2018 முதல் இந்திய வளைகோல் அணிகளுக்குத் தானே புரவலராய் நின்றது. உலகக் கோப்பையைத் தன் தலைநகருக்கு அழைத்தது. 2023-இல் சுந்தர்கர் மாவட்டத்து உரூர்கேலாவிலேயே, இருபதாயிரம் பேர் அமரத்தக்க அரங்கைக் கட்டி, அதற்குப் பழங்குடி மறவர் பிர்சா முண்டாவின் பெயரைச் சூட்டி, உலகையே அங்கு வரச்செய்தது. வறுமைக்கும் புயலுக்கும் பெயர்போன மாநிலம் என்று இகழப்பட்ட ஒரிசா இன்று வளைகோலின் வீடு என்று பேசப்படுகிறது. பழங்குடிப் பிள்ளைகளின் கால்கள் கொணர்ந்த பெயர் அது. அந்தப் பெயரை அவர்கள் வாசலுக்கே திருப்பிக் கொடுக்கவேண்டும் என்ற அறிவு அங்கே ஆட்சியாளர்க்கு இருந்தது. யகார்த்தாவில் கோவிற்பட்டிப் பிள்ளைகள் இருவர்க்கும் அணித்தலைவராய் நின்றவர் அதே பிரேந்திர இலாக்ராதான்! கரிசற்காடும் சால்மரக் காடும் ஓரணியில் நின்றன. ஆனால் திரும்பிச் சென்ற ஊர்கள் ஒன்றுபோல் இல்லை.

கோவிற்பட்டிக்கு ஒன்றுமே செய்யப்படவில்லை என்று சொல்வது பொய். கிருட்டிணன் நகரில் செயற்கைப்புல் ஆடுகளம் உண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் வளைகோல் சிறப்பு விடுதி உண்டு. அரியலூர்ப் பிள்ளையை இவ்வூர்ப் பிள்ளையாக்கியது அந்த விடுதியே. இலக்குமி அம்மாள் நினைவு அனைத்திந்தியப் போட்டியை ஊரின் கல்வி நிறுவனத்தார் நடத்துகின்றனர். தொடர்வண்டித் துறை, வங்கி, எண்ணெய் நிறுவனம் ஆகியவற்றின் அணிகள் வந்து ஆட, ஒலிம்பிக்கு ஆட்டக்காரரைக் கடலைமிட்டாய் தின்றுகொண்டே பக்கத்தில் நின்று பார்க்கும் பேறு இவ்வூர்ச் சிறுவர்க்கு வாய்க்கிறது. 2020-இல் அந்தக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயரைச் சட்டப்படி காத்துக்கொள்ளும் உரிமை மிட்டாய்க்கு வந்துவிட்டது, ஆட்டக்காரனுக்கு வரவில்லை.

ஆடுகளம் உண்டு என்றோம். அதன் நீர் எங்கே? இந்த ஆட்டத்தின் உயர்தரச் செயற்கைத்தளம் நீர் தெளித்து நனைத்தாலன்றி ஆடத் தகுதியாகாது. ஓர் ஆட்டத்திற்குப் பல்லாயிரம் லிட்டர் வேண்டும். கோவிற்பட்டியோ சீவலப்பேரியிலிருந்து குழாய்வழி வரும் பொருநை நீரை நம்பிக் குடம் வைத்துக் காத்திருந்த ஊர். இரண்டாங் குழாய்த் திட்டத்திற்கு எத்தனை ஆண்டு போராடினார்கள் என்பதை இவ்வூர்ப் பெண்டிரைக் கேட்டால் சொல்லுவார்கள். ஐரோப்பிய மழைநாட்டார் தம் வசதிக்கு வகுத்த ஆட்டத்தளத்தை வானம் பார்த்த நிலத்தாரின் மேல் ஏற்றியிருக்கிறார்கள். மண்தரை ஆட்டத்தில் கோல்நுட்பத்தால் உலகை ஆண்டவர்கள் 1976-க்குப் பின் ஏன் தளர்ந்தார்கள் என்பதற்கு இதுவும் ஒரு விடை. ஒரு பள்ளிக்குச் செயற்கைத்தளம் அமைக்கும் பணத்தில் எத்தனை மண்திடல் சீர்செய்யலாம்! மண்தரையில் பழகி, விடுதிக்கு வந்தபின் முதன்முதலாகப் புல்விரிப்பைத் தொடும் பிள்ளை, பஞ்சாபுப் பிள்ளையைவிட ஐந்தாண்டு பின்னே நின்று ஓட்டத்தைத் தொடங்குகிறான்.

இன்னொரு செய்தி, நெஞ்சை அறுக்கும் செய்தி. நாட்டின் முகத்துக்கு ஒளிகொடுத்த ஏழைக்கு நாடு என்ன செய்யும் என்பதைத் தமிழர் ஒருமுறை கண்டிருக்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சி. செங்கற்சூளையில் வேலைசெய்த பெற்றோரின் மகள் சாந்தி சௌந்தரராசன். 2006-இல் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். சில நாளிலேயே பாலினச் சோதனை என்று சொல்லி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். ஓடியது அவர் கால். உழைத்தது அவர் உடல். ஊக்கமருந்து எதுவும் அவர் உண்டதில்லை. தாய்வயிற்றில் அமைந்த உடலையே குற்றமாக்கினார்கள். வென்ற நாளில் 'எங்கள் மகள்' என்ற இந்தியா, மறுநாள் வாய்திறக்கவில்லை. அவருக்காக வழக்காடவும் எந்த விளையாட்டுச் சங்கமும் முன்வரவில்லை. தமிழ்நாட்டு அரசு அன்று 15 இலக்கம் உருபா பரிசு கொடுத்தது; அந்தப் பணத்திலும் பகுதியை எடுத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓட்டப்பயிற்சி தந்தார் அவர். பிறகு அவரே செங்கற்சூளைக் கூலிக்குப் போன செய்தி 2012-இல் இதழ்களில் வந்தது. அதன்பின்னரே பயிற்றுநர் பணி வந்தது. பதக்கம் மட்டும் இன்றுவரை திரும்பவில்லை. இதனை இங்கே நினைவூட்டுவதற்கு ஏது உண்டு: எளியவர் கொணரும் புகழ் நாட்டுக்கு முதலீடில்லாத வருவாய். வருவாய் நிற்கும்போது ஆளையும் கைவிட்டுவிடலாம் என்பது அந்தக் கணக்கின் அடுத்த வரி.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். யகார்த்தாவின் ஆட்டத்தாளில் 'செல்வம் கார்த்தி' என்று தந்தை பெயர் முன்னும் பின்னுமாக ஏறியது. தமிழனுக்குக் குடிப்பெயர் என்ற ஒட்டு இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து உண்டு. சாதி வாலை அறுத்தெறிந்து தலையெழுத்தோடு மட்டும் நிற்கும் இந்த முறை, உலகில் எந்த இனத்துக்கும் எளிதில் வாய்க்காத பெருமை. ஒளிபரப்பாளர் அந்த மகனைத் தந்தை பெயரால் அழைத்தார் என்றால், ஊர்க்காவலுக்கு இரவெல்லாம் விழித்திருந்த ஒரு தந்தையின் பெயர் அன்றிரவு ஆசியா முழுதும் ஒலித்தது என்று கொள்ளலாம். தவறுதான், ஆனால் இனிய தவறு. தமிழில் வருணனை செய்ய ஒருவர் அங்கே இருந்திருந்தால் அந்தத் தவறும் நேர்ந்திராது. சென்னையிலும் மதுரையிலுமாக 2025-இன் இறுதியில் இளையோர் உலகக் கோப்பை நடந்து முடிந்திருக்கிறது, செருமனி வென்றது, இந்தியா வெண்கலம் பெற்றது. உலக அணிகள் மதுரைக்கே வந்து ஆடின. தண்ட மூலையடி, இலக்கு வட்டம், நடுக்களம் என்று தமிழில் சொன்னால் புரியாதவர் அந்த மதுரை அரங்கில் எவர் இருந்தார்?

கோவிற்பட்டி வட்டாரத்தார் கேட்கவேண்டுவன பெரியன அல்ல. ஒன்றியத்திற்கொரு சமமான மண்திடல். தொடக்கப்பள்ளி அளவிலேயே கோலும் பந்தும். ஆடுகளத்துக்கென மழைநீரைத் தேக்கும் தொட்டி, குடிநீர்க் குழாயில் கை வைக்காமல். பெண்பிள்ளைகளுக்கும் அதே தரத்தில் ஒரு விடுதி. விளையாட்டினர்க்கு அரசுப்பணியில் ஒதுக்கிய மூன்று விழுக்காடு, ஆட்டம் முடிந்து பத்தாண்டு கழித்தன்றி ஆடும் வயதிலேயே கைக்கு வரவேண்டும். தீப்பெட்டி ஆலைகளும் நூற்பாலைகளும் தம் தொழிலாளர் பிள்ளைகளின் அணிகளுக்குச் சட்டையும் காலணியும் வாங்கித்தர இயலாதவை அல்ல. இவற்றை எழுதிய விண்ணப்பம் ஒன்று வாயிலருகே மேசைமீது வைக்கப்பட்டிருக்கிறது. கையொப்பம் தமிழில் இடுக; தலையெழுத்தும் தமிழிலேயே இருக்கட்டும்.